பட்டைக் கொட்டகைப் பாட்டுக்காரி

திண்டுக்கல்லில் அப்போதெல்லாம் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, மூக்கே சொல்லிவிடும். ஒரு பக்கம் புகையிலை, ஒரு பக்கம் தோல் ஷாப்பு. புகையிலை வாடைக்கு ஊரில் மரியாதை உண்டு. தோல் வாடைக்குக் கிடையாது. அந்த வாடையோடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் பக்கத்து சீட்டு தானாகக் காலியாகிவிடும். “நமக்கு மட்டும் எப்பவும் ரெண்டு சீட்டு. முதலாளி வீட்டம்மாவுக்குக்கூட அந்தச் சௌகரியம் இல்ல” என்பாள் சகாயராணி.

சகாயராணி ஆவாரம்பட்டை இடிப்பவள். தோலைப் பதப்படுத்த அந்தப் பட்டைத் தூள் வேண்டும். வேடசந்தூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து அது வண்டி வண்டியாக வரும். கல் உரலில் போட்டு, உரலுக்கு இரண்டு பெண்களாக எதிரெதிரே நின்று, காலை முதல் மாலை வரை இடிக்க வேண்டும். அவளுடைய அம்மாவும் அதே கொட்டகையில்தான் இடித்தாள். கணவன் மரியசெல்வம் அதே ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டுகிறவன். மாட்டுத் தோலைப் பதமாக்கப் போய், முழங்காலுக்குக் கீழே அவன் சொந்தத் தோலில் பாதியைச் சுண்ணாம்புக்குக் கொடுத்திருந்தான்.

இரண்டு உலக்கைகள் ஒரே உரலில் மாறி மாறி விழும்போது ஒருத்தி கொஞ்சம் தப்பினாலும் மற்றவள் விரல் போய்விடும். அதனால் கொட்டகையில் எப்போதும் பாட்டு இருக்கும். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். அந்த எடுத்துக் கொடுக்கிற வேலை பதினாறு வயதிலேயே சகாயராணிக்கு வந்துவிட்டது. தவக்காலத்தில் பாடுகிற ஒப்பாரி மெட்டு, மாரியம்மன் திருவிழாவில் தூரத்தில் நின்று கேட்ட கும்மி மெட்டு, டீக்கடை ரேடியோவில் காதில் விழுந்தது, எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. உலக்கைக்கு இணங்கினால் சரி. கையெழுத்துப் போடத் தெரியாது, ஆனால் ஒரு ஆளைப் பார்த்தால் நாலு வரியில் அந்த ஆளைக் கட்டி நிறுத்திவிடுவாள். மேனேஜரின் குடையைப் பற்றி ஒரு பாட்டு உண்டு, அதை இங்கே சொல்ல முடியாது.

பின்னாளில் அவளைச் சங்கக் கூட்டங்களில் மேடை ஏற்றினார்கள். அறுபத்தேழில் ஒரு நோட்டீஸில் அவள் பெயரை அச்சடித்தபோது, அதை யாரையோ வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். அதெல்லாம் பிறகு வந்த பெருமை. இங்கே சொல்ல வந்தது ஐம்பத்தெட்டில் நடந்தது. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. கையில் பத்து மாதப் பெண் குழந்தை, பெயர் அமலி.

அமலியை அவள் தூணில் கட்டிப் போட்டிருந்தாள்.

கேட்கக் கொடுமையாகத்தான் இருக்கும். கொட்டகைக்கு இருபது அடி தள்ளிச் சுண்ணாம்புக் குழிகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. முந்தின வருஷம் ஒரு குழந்தை அங்கே தவழ்ந்து போய், முகத்தில் சுண்ணாம்புத் தண்ணீர் பட்டு ஒரு கண் போயிற்று. அதிலிருந்து பிள்ளைக்காரிகள் எல்லோரும் பழஞ்சேலையைக் கிழித்துப் பிள்ளையின் இடுப்பில் ஒரு முனை, கொட்டகைத் தூணில் ஒரு முனை என்று கட்ட ஆரம்பித்தார்கள். நாலு முழம் நீளம். அதற்கு மேல் விட்டால் உரலுக்கு வந்துவிடும். பட்டைத் தூசியில் பிள்ளை இருமும், அழும், அழுது தூங்கிவிடும். பால் கொடுக்க மேனேஜர் ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் விடுவார். மற்ற நேரம் அழுகையைக் கேட்டுக்கொண்டே இடிக்க வேண்டும். சத்தமாகப் பாடினால் அழுகை கொஞ்சம் குறைவாகக் கேட்கும். சகாயராணியின் குரல் அந்த வருஷம் எட்டு ஊருக்குக் கேட்டதற்குக் காரணம் அதுதான்.

சங்கத்துச் செயலாளர் ஆண்டிச்சாமி, தோல் காயப்போடும் பகுதியில் வேலை செய்கிறவர். நல்ல மனுஷர், கொஞ்சம் அவசரக்காரர். ஷாப்பு கேட்டுக்கு முன்னால் நடந்த கூட்டத்தில் கோரிக்கைகளை வாசித்துக்கொண்டிருந்தபோது சகாயராணி எழுந்து, “அண்ணே, பிள்ளைகளுக்கு ஒரு ரூமு கேளுங்க” என்றாள். ஆண்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் அவள் தெருக்காரர்களும் இருந்தார்கள்.

“ஏம்மா, கூலி உசத்திக் கேக்கவே இங்க ததிங்கிணத்தோம் போடுறோம். தொட்டிலுக்கு இப்ப என்ன அவசரம்?” என்றார் ஆண்டிச்சாமி.

சகாயராணி அதற்குப் பேச்சில் பதில் சொல்லவில்லை. அங்கேயே நின்று பாடினாள்.

*பட்ட இடிக்கக் கையி ரெண்டு*
*பாலு குடுக்க மாரு ரெண்டு*
*கட்டிப் போட்ட பிள்ளைக்கு மட்டும்*
*காவலுக்கு யாரு உண்டு?*

சிரிப்பு நின்றது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற மரியசெல்வம், மனைவி இத்தனை ஆண்களுக்கு முன்னால் மாரைப் பற்றிப் பாடிவிட்டாளே என்று தலையைக் குனிந்துகொண்டான். ஆண்டிச்சாமி மறுநாள் போய் யாரோ வக்கீல் குமாஸ்தாவிடம் சட்டத்தைக் கேட்டுவிட்டு வந்தார்.

“சட்டம் இருக்கும்மா. அம்பது பொம்பளைக்கு மேல வேலை செஞ்சா பிள்ளைகளுக்குத் தனி ரூமு கட்டியே ஆகணும். ஆனா நம்ம ஷாப்பு ரிஜிஸ்தர்ல பொம்பளைக முப்பத்தொண்ணு பேருதான்.”

“அப்ப தட்டிக்கு அங்கிட்டு இடிக்கிறவுக?”

“அவுக இருபத்துநாலு பேரும் கான்ட்ராக்டு ஆளுகளாம். வேற கம்பெனியாம். மேனேஜரு மச்சினன் பேருல இருக்கு.”

அந்தத் தட்டியின் கதையைச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் மழை பொய்த்துக் கிணறுகள் வற்றியபோது, தாடிக்கொம்புப் பக்கத்தில் நிலம் வைத்திருந்த சம்சாரி வீட்டுப் பெண்கள் சிலர் வேறு வழியில்லாமல் ஷாப்புக்கு வேலைக்கு வந்தார்கள். அவர்களில் முதல் ஆளாக வந்தவள் சுப்புத்தாய், சகாயராணியைவிட நாலைந்து வயது மூத்தவள். வந்ததும், சேரிப் பெண்களோடு ஒரே கொட்டகையில் இடிக்க மாட்டோம், எங்கள் தண்ணீர்ப் பானையை அவர்கள் தொடக் கூடாது என்றாள். மேனேஜர் சந்தோஷமாகக் கொட்டகையின் நடுவே, தூண் வரிசையை ஒட்டி, கீற்றுத் தட்டி ஒன்றைக் கட்டிவிட்டார். தட்டி கட்டியவர், அந்தப் பக்கத்துப் பெயர்களை வேறு ரிஜிஸ்தருக்கு மாற்றியதை யாரிடமும் சொல்லவில்லை. சுப்புத்தாய் கேட்டது சாதிக்கு ஒரு தட்டி. மேனேஜருக்குக் கிடைத்தது சட்டத்துக்கு ஒரு தட்டி.

சகாயராணி அப்போது சும்மா இருக்கவில்லை. தோல் வாடை தாங்காமல் முதல் நாள் சுப்புத்தாய் மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு வந்ததை வைத்து ஒரு பாட்டுக் கட்டினாள்.

*மூக்கப் பொத்தி வாராளாம்*
*முந்தானைய நனைச்சாளாம்*
*சாக்கு மூட்டை தூக்க வந்த*
*சம்சாரி வீட்டு மகராணி*

அது ஒரே நாளில் ஷாப்பு முழுக்கப் பரவி, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டது. பானையைத் தொடாதே என்றவளுக்கு அது ஒன்றும் பெரிய தண்டனை இல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பட்டைக் கொட்டகைப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பாட்டில் ஏசப்பட்டவள் பாட்டிலேயே பதில் சொல்லலாம். அப்படிச் சொல்லும்போது, முதலில் ஏசியவளே அதற்குப் பின்பாட்டுப் பாட வேண்டும். அதோடு கணக்குத் தீர்ந்தது, மறுபடி இருவரும் பேசிக்கொள்ளலாம். சுப்புத்தாய்க்குப் பாட்டு வராது. பதில் வரவே இல்லை. இரண்டு வருஷமாக அந்தக் கணக்கு திறந்தே கிடந்தது.

இப்போது ஐம்பத்தைந்து பெண்களும் நாங்கள் ஒரே கொட்டகை என்று ஒரே மனுவில் கைநாட்டு வைத்தால்தான் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருவார். தட்டிக்கு அந்தப் பக்கம் சுப்புத்தாய் தலையாட்டினால்தான் மற்ற இருபத்துமூன்று பேரும் விரலை நீட்டுவார்கள்.

“போயி அவ கால்ல விழப் போறியா?” என்று கேட்டான் மரியசெல்வம். “நம்ம தொட்டாத் தீட்டுன்னு சொன்னவ. கோயில்லயும் நமக்குத் தனி ஓரம், ஷாப்புலயும் தட்டி. நம்மதான் எப்பவும் இறங்கிப் போகணுமா?”

அவன் கேட்டதில் தப்பில்லை. சகாயராணிக்கும் அதே கேள்விதான். தவறு செய்தவள் சுப்புத்தாய், இறங்கிப் போகிறவள் தானா என்று இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். மூன்றாம் நாள் அமலியைக் குளிப்பாட்டும்போது இடுப்பைச் சுற்றிச் சேலைத் துணி அழுத்திய தடத்தைப் பார்த்தாள். வெந்நீர் பட்டதும் பிள்ளை வீரிட்டது.

“நான் இறங்கலங்க. நான் பிள்ளைக்காகப் போறேன்” என்றாள். மரியசெல்வம் எழுந்து வந்து, பிள்ளையை வாங்கித் துண்டால் துவட்டினான்.

இரண்டு பக்கத்துப் பெண்களும் ஒன்றாக நிற்கிற இடம் ஷாப்பில் ஒன்றே ஒன்றுதான், பட்டை வண்டி வந்து நிற்கும் முற்றம். அன்றைக்கு வண்டி வரத் தாமதமானது. இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டமாக வெயிலில் நின்றார்கள். சகாயராணி நடுவில் போய் நின்றாள்.

“சுப்புத்தாயம்மா, உங்களுக்கு நான் ஒரு பாட்டு பாக்கி.”

சுப்புத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “எனக்குத்தான் பாட்டு வராதுன்னு ஊருக்கே தெரியுமே. அதுக்கும் சேத்து ஏசப் போறியா?”

“இல்ல. நீங்க என்னைய ஏசணும். பாட்டு நானே கட்டிக் கொண்டாந்திருக்கேன். நீங்க பாடுங்க, நான் பின்பாட்டுப் பாடுறேன்.”

தன்னை ஏசச் சொல்லித் தானே பாட்டுக் கட்டி எடுத்து வந்தவளை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். சகாயராணி வரியைச் சொல்லிக் கொடுத்தாள், மெட்டு இல்லாமல், பேச்சாகவே.

*எட்டூரு கேக்கப் பாடுவாளாம்*
*எதுத்தவள ஏசுவாளாம்*
*கட்டிப் போட்ட பெத்த பிள்ள*
*கத்துறது மட்டும் கேக்காதாம்*

சுப்புத்தாய் முதல் இரண்டு வரியைத் திருப்பிச் சொன்னாள். மூன்றாவது வரியில் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. அவளுக்கும் ஒரு வயதில் ஒரு மகன், கருப்புசாமி. அவனும் அதே மாதிரி அந்தப் பக்கத்தில் தூணில்தான் கிடந்தான்.

“ஏ சகாயம்,” என்றாள், “இது உன்னைய ஏசுறதா, என்னைய ஏசுறதா?”

“என்னையத்தான். உங்களுக்கும் வலிச்சா நான் என்ன செய்ய?”

இருவரும் அழவில்லை, அழுவதற்கு அங்கே நேரம் ஏது. வண்டி வந்துவிட்டது. மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டே சகாயராணி ரிஜிஸ்தர் விஷயத்தைச் சொன்னாள். ஐம்பது பேர் என்ற சட்டத்தையும், தட்டி யாருக்கு லாபம் என்பதையும் சொன்னாள். சுப்புத்தாய் கடைசிவரை கேட்டாள். “ஊர்ல தெரிஞ்சா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாக” என்றாள். “நாளைக்குச் சொல்றேன்” என்றாள்.

மூன்று நாள் கழித்து மனு தட்டிக்கு அந்தப் பக்கம் போயிற்று. திரும்பி வரும்போது இருபத்துநாலு கைரேகைகள் இருந்தன. முதல் ரேகை பெரிதாக, மை கொட்டி, சுப்புத்தாயுடையது.

ஆடி மாதத்தில் ஒரு காலை இன்ஸ்பெக்டர் வந்தார். மேனேஜருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. “இன்னிக்கு ஒருத்தியும் வாயத் திறக்கப்படாது. அந்தப் பக்கத்து ஆளுக உலக்கையத் தொடப்படாது” என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட்டுப் போனார். இன்ஸ்பெக்டருக்கு டீ வந்தது, பிஸ்கட் வந்தது. “மனுவுல பொய் எழுதியிருக்காங்க சார். அங்கிட்டு இருக்கிறது தனிக் கம்பெனி. வாடகைக்கு விட்ட இடம். அவங்களுக்கும் நமக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல” என்றார் மேனேஜர். இந்தப் பக்கத்து ரிஜிஸ்தரில் முப்பத்தொன்று சரியாக இருந்தது. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடப் போனார்.

சகாயராணி உலக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் தொடங்கியிருக்கலாம். ஆனால் முறை அவளுடையதில்லை. அன்றைக்கு முற்றத்தில் அந்தப் பாட்டு முடியாமலே நின்றுவிட்டது, அதை முடிக்க வேண்டியவள் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தாள். தான் ஆரம்பித்து, அந்தப் பக்கம் பதில் வராவிட்டால் தனிக் கம்பெனி என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும். கொட்டகை அத்தனை அமைதியாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. அமலி இருமுவது தெளிவாகக் கேட்டது.

அப்போது தட்டிக்கு அப்பால் ஒரு உலக்கை விழுந்தது. அதைத் தொடர்ந்து கரகரவென்று ஒரு குரல், மெட்டும் இல்லை, தாளமும் தப்பு.

*“எட்டூரு கேக்கப் பாடுவாளாம்…”*

சகாயராணி பின்பாட்டு எடுத்தாள். தன்னை ஏசுகிற பாட்டுக்குத் தானே, தொண்டை கிழிய. முப்பது பேர் அவளோடு சேர்ந்தார்கள். அந்தப் பக்கம் இருபத்துநாலு உலக்கைகளும் இந்தப் பக்கத்து உலக்கைகளும் ஒரே போடாக விழுந்ததில் கீற்றுத் தட்டி நடுங்கியது.

“தனிக் கம்பெனின்னீங்களே?” என்றார் இன்ஸ்பெக்டர். எழுந்து வந்து தட்டியை ஒரு கையால் விலக்கிப் பார்த்தார். ஒரே கூரை, ஒரே வரிசையில் உரல்கள். நடுத்தூணின் இந்தப் பக்கத்தில் ஒரு சேலைத்துணி கட்டியிருந்தது, அதன் முனையில் அமலி. அதே தூணின் அந்தப் பக்கத்தில் இன்னொரு துணி, அதன் முனையில் கருப்புசாமி. தட்டிக்கு அடியில் இருந்த சந்தில் இரண்டும் கையை விட்டு ஒன்றின் விரலை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தன. பெரியவர்களுக்குத் தெரியாமல் எத்தனை நாளாக இந்தச் சிநேகமோ.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். “இந்தத் தூணு எந்தக் கம்பெனித் தூணு?” என்று கேட்டார். பேனாவை மறுபடி திறந்து, இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஐம்பத்தைந்து என்று எழுதிக்கொண்டார்.

ஐப்பசியில் அறை கட்டி முடிந்தது. ஓடு வேய்ந்த சின்ன அறை, சிமெண்டுத் தரை, சுண்ணாம்பு அடித்த சுவர், ஆறு தொட்டில். சுப்புத்தாயைத் தாடிக்கொம்பில் சொந்தக்காரர்கள் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் விட்டார்கள். அவள் தண்ணீர்ப் பானை இன்னும் தனியாகத்தான் இருந்தது. தட்டியை ஆண்டிச்சாமி பிரிக்கச் சொன்னபோது அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் கூடாது என்றார்கள். ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் அது புளுகு. ஆனால் அறைக்கு நடுவில் தட்டி வைக்க யாரும் கேட்கவில்லை.

முதல் நாள் காலையில் சகாயராணி அமலியை அறைக்குக் கொண்டுபோய்ச் சிமெண்டுத் தரையில் விட்டாள். சுப்புத்தாய் ஏற்கெனவே கருப்புசாமியை ஒரு தொட்டிலில் தூங்க வைத்துவிட்டு, எதிர்ச் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பளபளவென்ற தரையைப் பார்த்ததும் அமலி கைகொட்டிச் சிரித்தது. விறுவிறுவென்று தவழ்ந்தது. நாலு முழம் போனதும் டக்கென்று நின்றுவிட்டது.

இடுப்பில் துணி இல்லை. தூண் இல்லை. இருந்தும் பிள்ளை அதற்கு மேல் போகவில்லை. திரும்பித் தன் இடுப்பைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, அந்த இடத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது.

“போடி தங்கம், போ” என்றாள் சகாயராணி. பிள்ளை அசையவில்லை. ஊரையே பாட்டில் கட்டியவள் தன் கையைப் பார்த்தாள். நான்தானே கட்டினேன், என் கையால்தானே கட்டினேன் என்று நொந்துகொண்டாள்.

சுப்புத்தாய் எதிர்ச் சுவரோரத்திலிருந்து கொஞ்சம் முன்னால் நகர்ந்து, இரண்டு கையையும் நீட்டினாள். அதுவரை ஒரு நாளும் அவள் சேரிப் பிள்ளை ஒன்றைத் தொட்டதில்லை.

“வாடி என் ராசாத்தி. இங்கிட்டு வா. ஒண்ணும் இழுக்காது, வா.”

அமலி யோசித்தது. ஒரு கையை முன்னால் வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. பிறகு ஒரே ஓட்டமாகத் தவழ்ந்துபோய் அவள் மடியில் முட்டியது. சுப்புத்தாய் வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பிள்ளையின் எச்சில் அவள் ரவிக்கையில் ஒழுகியது. முதுகைத் தட்டிக்கொண்டே எழுந்து, அறையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

சகாயராணி வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். வேலை தொடங்குகிற மணி அடித்துக்கொண்டிருந்தது.

“ஏன்டி அழுகுற?” என்றாள் சுப்புத்தாய். “பிள்ளதான் வந்துருச்சுல்ல.”